பாதி ஓவியம் கல்லிலேயே இருக்கிறது: கல்லில் இயற்கைக் காட்சி வரையத் தொடங்குபவர்களுக்கு

மேசையில் ஒரு கல் கிடக்கிறது. உள்ளங்கை அகலம், கருஞ்சாம்பல் நிறம். உச்சியிலிருந்து ஒரு வெள்ளை ரேகை இறங்குகிறது. பாதி வழியில் இரண்டாகப் பிரிந்து, கொஞ்ச தூரம் போய் மறுபடி ஒன்றாகிறது. எடுத்து வந்த அன்று எனக்கு அது வெறும் கோடு போட்ட கல்தான். நாலைந்து நாள் கண்ணெதிரே கிடந்தபிறகு, ஒரு காலையில் ஏதோ நினைப்பில் திருப்பி வைத்தேன். அருவி தெரிந்தது. குறுக்கே ஒரு பாறை நின்று தண்ணீரை இரண்டாகப் பிரித்துவிடும் அருவி. அதை வரைய வேண்டிய வேலையே இல்லை, அதைச் சுற்றி இருப்பதை வரைந்தால் போதும்.

காகிதம் காலியாக வரும். கல் அப்படி வராது. நிறம், கோடு, மேடு பள்ளம் எல்லாம் ஏற்கெனவே அதில் இருக்கும். வெள்ளை பெயின்ட் அடித்து எல்லாவற்றையும் மூடிவிட்டு மேலே மலையும் சூரியனும் வரைவதென்றால் அதற்கு ஒரு அட்டை போதும், கல்லைச் சுமந்து வந்தது வீண். என் முதல் பத்துப் பன்னிரண்டு கற்கள் அப்படி வீணானவைதான்.

கல்லையே ஓவியத்தின் பங்காளியாக்குவது நாம் கண்டுபிடித்த வித்தை இல்லை. 1530ஐ ஒட்டி செபாஸ்டியானோ தெல் பியோம்போ என்ற இத்தாலிய ஓவியர் கல்பலகையில் எண்ணெய் வண்ணம் வைத்து வரைய ஆரம்பித்தார். அவருக்குப் பின் வந்தவர்கள் இன்னும் ஒரு படி போனார்கள். அன்டோனியோ டெம்பெஸ்டா (1555–1630) போன்றவர்கள் கல்லில் இயற்கையாக ஓடும் ரேகைகளையே கடலாகவும் பாறையாகவும் விட்டுவிட்டு, ஆட்களை மட்டும் வரைந்தார்கள். கவாலியரே தார்ப்பீனோ என்பவர் லாபிஸ் லாசுலி என்ற நீலக்கல்லில் ஒரு கிரேக்கப் புராணக் காட்சியை, ஆந்த்ரோமெதா என்ற இளவரசியை மீட்க வரும் வீரன் பெர்சியுசை, வரைந்திருக்கிறார். அந்தப் படத்தில் வானமும் கடலும் கல்லின் சொந்த நீலம். நாம் செய்யப்போவது அதே வேலைதான், கூழாங்கல் அளவில்.

கல்லைத் தேர்ந்தெடுப்பது

எந்தக் கல்லிலும் வரையலாம் என்று சொல்வார்கள். வரையலாம்தான், ஆனால் முதல் கல்லிலேயே மல்லுக்கட்டிக்கொண்டு நிற்க வேண்டாம். ஓடும் தண்ணீர் உருட்டி உருட்டி வழுவழுப்பாக்கிய கூழாங்கல் தொடங்குவதற்கு நல்லது. ஒரு பக்கமாவது தட்டையாக, உள்ளங்கையை நிறைக்கும் அளவில் இருக்கட்டும். சின்னக் கல் சுலபம் என்று நினைத்து எல்லோரும் சின்னதாகவே எடுப்பார்கள். கட்டைவிரல் அளவுக் கல்லில் ஒரு மரம் வரைய எவ்வளவு நிதானம் வேண்டும் என்பது பிரஷைப் பிடித்தபிறகுதான் புரியும்.

பலகை பலகையாகப் பிளக்கும் சிலேட்டுக் கல் காட்சி ஓவியத்துக்கு அருமையான தளம். கறுப்புப் பின்னணி தானாகக் கிடைப்பதால் இரவு வானமும் நிலா வெளிச்சமும் அதில் நன்றாக எடுக்கும். விளிம்பு உதிர்கிறதா என்று மட்டும் நகத்தால் நெருடிப் பாருங்கள். மணற்கல் சொரசொரப்பாக இருக்கும், வண்ணத்தைக் குடிக்கும். நுண்ணிய கோடு அதில் நிற்காது. பாலைவனம், வறண்ட குன்று மாதிரிக் காட்சிக்கு அந்தச் சொரசொரப்பே உதவும். கிரானைட்டில் கறுப்பும் வெள்ளையுமாகப் படிகப் புள்ளிகள் நிறைந்திருப்பதால் மேலே என்ன வரைந்தாலும் கண் புள்ளிக்கே ஓடும். பனி பெய்யும் காட்சி என்றால் மட்டும் நான் அதைத் தொடுவேன். கண்ணாடி மாதிரி பளபளக்கும் குவார்ட்சு கூழாங்கல் பார்வைக்கு அழகு, வண்ணம் பிடிப்பதில் மோசம். அதைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

தேடும்போது கல்லை நனைத்துப் பாருங்கள். காய்ந்த கல்லில் தெரியாத ரேகையெல்லாம் ஈரத்தில் எழும்பி வரும். வெள்ளை ரேகை பெரும்பாலும் குவார்ட்சு அல்லது கால்சைட்டு. பழைய விரிசலில் கனிமம் படிந்து அடைத்தது. துருப்பிடித்தது போன்ற மஞ்சளும் செம்பழுப்பும் இரும்பு. சில சுண்ணாம்புக் கற்களில் செடி போல, பெரணி போலக் கறுப்பாகக் கிளை பரப்பியிருக்கும். செடியின் அச்சு என்று நினைத்துவிடத் தோன்றும், ஆனால் அது மாங்கனீசு, இரும்பு ஆக்சைடுகள் விரிசலில் பரவிய தடம். அப்படி ஒன்று கிடைத்தால் உங்களுக்குத் தோப்பே வரைந்து கிடைத்த மாதிரி.

எங்கே எடுக்கிறோம் என்பதும் முக்கியம். தேசியப் பூங்கா, சரணாலயம், தொல்லியல் இடம், அடுத்தவர் நிலம் இங்கெல்லாம் கை வைக்கக்கூடாது. ஓடையில் ஈரமாகக் கிடக்கும் கல்லைப் புரட்டினால் அடியில் புழுவும் பூச்சியின் இளம்பருவமும் ஒட்டியிருக்கும், அது அவற்றின் வீடு. அந்தக் கல்லைத் திரும்ப அப்படியே வைத்துவிட்டு, கரையில் காய்ந்து கிடப்பதில் ஒன்றை எடுங்கள். ஒரு தடவைக்கு ஐந்தாறு போதும். மூட்டை கட்டி வந்தால் மூலையில்தான் கிடக்கும்.

கழுவுவது, காயவைப்பது

பலரும் அவசரப்படும் இடம் இதுதான். வண்ணம் உரிவதற்கு முக்கால்வாசிக் காரணம் இங்கேதான் இருக்கிறது.

பாத்திரம் தேய்க்கும் சோப்பும் பழைய பல்துலக்கும் பிரஷும் எடுத்துத் தேய்த்துக் கழுவுங்கள். பாசி, மண், கைப்பிசுக்கு எல்லாம் போக வேண்டும். கடலோரக் கல்லாக இருந்தால் நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று நாள் ஊறவிட்டு, தினம் தண்ணீரை மாற்றுங்கள். உள்ளே உப்பு தங்கிவிட்டால் பின்னால் அது வெள்ளைப் பொடியாக வெளியே பூத்து, மேலே உள்ள வண்ணத்தையும் தள்ளிக்கொண்டு வரும். வினிகரில் கழுவச் சொல்லும் குறிப்புகளைப் பார்த்திருப்பீர்கள். சுண்ணாம்புக்கல்லிலும் பளிங்கிலும் அதை ஊற்றினால் நுரைத்துக் கல்லின் மேல்பரப்பையே அரித்துவிடும். கையில் இருப்பது சுண்ணாம்புக் கல்லா என்று தெரிந்துகொள்ள வேண்டுமானால் அடிப்பக்கம் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள், குமிழி வந்தால் ஆமாம். அந்தச் சோதனைக்கு மேல் வினிகர் வேண்டாம்.

கழுவிய கல்லை வெயிலில் இரண்டு நாள் வையுங்கள். மணற்கல் மாதிரித் தண்ணீர் குடிக்கும் கல்லுக்கு ஒரு வாரம் கூட ஆகும். மேலே காய்ந்திருப்பதை நம்பாதீர்கள். ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி வெயிலில் ஒரு மணி நேரம் வைத்தால், உள்ளே ஈரம் இருக்கும் கல் பையின் உட்புறம் முத்து முத்தாக வியர்க்கும். அடுப்பிலோ, ஓவனிலோ, மைக்ரோவேவிலோ வைத்துக் காயவைக்கவே கூடாது. உள்ளே அடைபட்ட ஈரம் ஆவியாகி, வெளியேற வழியில்லாமல் கல் வெடித்துச் சிதறும்.

முனை குத்தலாக இருந்தால் உப்புத்தாளால் தேய்த்துக்கொள்ளலாம். கல்லையும் தாளையும் நனைத்துக்கொண்டு தேயுங்கள். காய்ந்த கல்லைத் தேய்த்தால் பறக்கும் தூசியில் சிலிக்கா இருக்கும், அது நுரையீரலுக்கு நல்லதல்ல. தேய்த்தபின் மறுபடி கழுவிக் காயவைக்க வேண்டும் என்பதை மறக்க வேண்டாம்.

என்னென்ன வேண்டும்

அக்ரிலிக் வண்ணம்தான் தொடங்குகிறவர்களுக்குச் சரி. அதில் நிறப்பொடியைப் பிடித்திருப்பது தண்ணீரில் கலந்த ஒருவகை பிளாஸ்டிக். தண்ணீர் காய்ந்ததும் அது ஒன்றோடொன்று ஒட்டிப் படலமாகிவிடும், மறுபடி கரையாது. வாட்டர்கலர் கல்லில் நிற்காது, ஈரக்கை பட்டாலே போய்விடும். எண்ணெய் வண்ணம் நிற்கும், ஆனால் காய நாள் கணக்கில், தடிமனாக வைத்தால் வாரக்கணக்கில் ஆகும்.

இருபத்து நாலு டப்பா வண்ணப் பெட்டி வாங்காதீர்கள். டைட்டானியம் வெள்ளை, அல்ட்ராமரைன் நீலம், மஞ்சள் காவி, பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பு, பர்ன்ட் அம்பர் என்ற கரும்பழுப்பு, பளிச்சென்ற ஒரு மஞ்சள், ஒரு சிவப்பு. இந்த ஏழில் முக்கால்வாசிக் காட்சி முடிந்துவிடும். கறுப்பு கூட வேண்டாம், அல்ட்ராமரைனும் பர்ன்ட் அம்பரும் சேர்த்தால் டப்பாக் கறுப்பை விட உயிருள்ள கருமை கிடைக்கும். டப்பாவில் வரும் பச்சையைத்தான் நான் முக்கியமாக வேண்டாம் என்பேன். கல்லின் மண் நிறத்துக்குப் பக்கத்தில் அது பிளாஸ்டிக் செடி மாதிரி துருத்திக்கொண்டு நிற்கும். நீலத்தோடு மஞ்சள் காவி கலந்து நீங்களே செய்யும் பச்சை கொஞ்சம் மங்கலாக வரும். காட்டின் பச்சையும் அப்படித்தான் இருக்கிறது.

பிரஷ் நாலு போதும்: வட்டமுனையில் 0, 2, 4, கூடவே மயிர் நீண்ட லைனர் ஒன்று. தலை சிதைந்த பழைய பிரஷ் ஒன்றைத் தூக்கிப் போடாமல் வையுங்கள், இலை ஒற்ற அது புதியதை விட நன்றாக வேலை செய்யும். ஒரு துண்டு ஸ்பாஞ்சு, பல்துலக்கும் பிரஷ், சாக்பீஸ், அக்ரிலிக் மீடியம் (நிறப்பொடி சேர்க்காத அக்ரிலிக் பசை) ஒரு பாட்டில். கல் உருளாமல் இருக்க ஒரு பழந்துணியை முறுக்கிச் சும்மாடு போலச் சுற்றி அதன்மேல் கல்லை உட்காரவையுங்கள். எத்தனையோ தாங்கி வாங்கிப் பார்த்துவிட்டேன், சும்மாட்டுக்கு ஈடு எதுவும் இல்லை.

பார்ப்பது

இதற்கு ஒரு கருவியும் வேண்டாம், ஆனால் அதிக நேரம் எடுக்க வேண்டிய படி இதுதான். கல்லை நீங்கள் அடிக்கடி போய்வரும் இடத்தில் வையுங்கள். காலையில் ஒரு பக்கம், மாலையில் ஒரு பக்கம் எனத் திருப்பி வையுங்கள். விளக்கைச் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள், மேடு பள்ளம் நிழல் காட்டும். ஒரு கோடு அடிவானமாகலாம். ஒரு செம்பழுப்புக் கறை மாலை வானமாகலாம். கல்லில் ஒரு மூலை உடைந்து, உள்நிறம் வெளிறித் தெரிந்தால் அது பனிமூடிய சிகரமாகலாம்.

அப்படி எதுவும் தெரியவில்லையா? ஒரே நிறமாக, ரேகையே இல்லாத கல்லா? அதுவும் நல்ல கல்தான். அந்த நிறம் எந்த நேரத்து வானம் என்று கேட்டுப் பாருங்கள். சாம்பல் என்றால் மழைக்கு முந்தின வானம், வெளிறிய மஞ்சள் என்றால் விடிகாலை. வானத்தை வெறும் கல்லாக விட்டு, கீழே மூன்றில் ஒரு பங்கில் மட்டும் காட்சியை வையுங்கள்.

‘கல்லைக் கண்டால் நாயைக் காணோம், நாயைக் கண்டால் கல்லைக் காணோம்’ என்பது நம் பேச்சில் இருப்பது. கல் ஓவியத்தில் இரண்டையும் ஒரே நேரத்தில் காட்ட வேண்டும். பார்க்கிறவர் அருவி என்று சொல்லிவிட்டு, அடுத்த கணமே ‘அட, இது கல்லில் இருந்த கோடா!’ என்று கிட்டே வர வேண்டும். அதற்கு என் கணக்கு, கல்லின் மேல்பரப்பில் பாதியாவது வெறுமையாக இருப்பது.

வெறுமையாக விடும் இடத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. கடைசியில் வார்னிஷ் பூசும்போது வெறும் கல் கருமையாகும், கிட்டத்தட்ட நனைந்த கல்லின் நிறத்துக்கு வரும். காய்ந்த கல்லின் வெளிறிய சாம்பலைப் பார்த்து அதற்கு ஏற்ற மலை நிறம் கலந்திருப்பீர்கள். வார்னிஷ் பட்டதும் கல் மட்டும் இருண்டு, மலை வெள்ளையாகத் தனித்து நிற்கும். அதனால் தொடங்கும் முன்பே கல்லை நனைத்து ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நிறம் கலக்கும்போதெல்லாம் அந்த ஈரப் படத்தைப் பார்த்துக் கலக்குங்கள். பளபளப்பில்லாத மேட் வார்னிஷ் கருமையைக் கொஞ்சம் குறைக்கும், முழுதாகத் தவிர்க்காது.

கோடு போடுவது

சாக்பீஸால் லேசாகக் கோடு போடுங்கள். பிடிக்கவில்லை என்றால் ஈரத்துணியால் துடைத்தால் போய்விடும். பென்சில் கோடு வெளிறிய கல்லில் வண்ணத்துக்கு அடியிலிருந்து எட்டிப் பார்க்கும்.

தட்டைக் கல்லில் அடிவானம் ஒரு பிரச்சினையே இல்லை. உருண்டைக் கல்லைச் சுற்றி நீர்நிலை வரையும்போதுதான் சங்கடம் வரும். முன்னால் நேராக இருக்கும் கோடு பின்னால் போய்ச் சேரும்போது ஒரு விரல் ஏறியிருக்கும். இதற்கு ஒரு எளிய வழி உண்டு. கல் கடைசியில் எப்படி உட்காருமோ அப்படி மேசையில் உட்காரவையுங்கள். பக்கத்தில் இரண்டு மூன்று புத்தகத்தை அடுக்கி, அதன்மேல் சாக்பீஸை முனை வெளியே நீட்டியபடி அழுத்திப் பிடியுங்கள். சாக்பீஸை அசைக்காமல் கல்லை மட்டும் சுற்றுங்கள். சுற்றிலும் ஒரே மட்டத்தில் கோடு விழும். தண்ணீர் மட்டம் கோணினால் எவ்வளவு நன்றாக வரைந்தாலும் கண் ஒப்புக்கொள்ளாது.

வரைவது: அந்த அருவிக் கல்

சரி, பிரஷைத் தொடலாம். முதலில் சொன்ன கருஞ்சாம்பல் கல்லையே வைத்துக்கொள்வோம். நான் அதை வரைந்த வரிசையைச் சொல்கிறேன். உங்கள் கல்லுக்கு வரிசை இதுதான், பொருள்தான் மாறும்.

வண்ணம் வைக்கப்போகும் இடங்களில் மட்டும் முதலில் அக்ரிலிக் மீடியம் ஒரு மெல்லிய பூச்சு. இது கல்லுக்கும் வண்ணத்துக்கும் நடுவே பிடிமானம். கல் தன் நிறத்தோடு அப்படியே தெரியும். காய்ந்ததும் தொலைவு. எப்போதும் தொலைவில் இருப்பது முதலில், கிட்டே இருப்பது கடைசியில். ரேகையின் உச்சிக்குப் பின்னால் ஒரு மலைத்தொடர் வைத்தேன். வெள்ளையில் நீலமும் துளி அம்பரும் கலந்து, நனைந்த கல்லின் சாம்பலை விட ஒரே ஒரு படி வெளிறியதாக. அவ்வளவுதான். தொலைவு மலைக்கு நிறம் கம்மி, விவரம் கம்மி. நடுவில் இருக்கும் காற்று எல்லாவற்றையும் நீலமாக்கி மங்கச் செய்துவிடும். புதியவர்கள் தொலைவு மலையிலேயே மரம் மரமாக வரைவார்கள், மலை நேரே மூக்குக்கு வந்துவிடும்.

மலையின் அடிவாரத்தில் மூடுபனி. வெள்ளையை மீடியத்தில் பால் போல நீர்த்து, ஸ்பாஞ்சில் தொட்டு, முதலில் ஒரு காகிதத்தில் ஒற்றி எடுத்துவிட்டு, பிறகு கல்லில் ஒற்ற வேண்டும். மீடியம் என்று ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், தண்ணீரை மட்டும் ஊற்றி நீர்த்தால் வண்ணத்தைப் பிடித்திருக்கும் பசை வலுவிழந்து, காய்ந்தபின் தேய்த்தால் பொடியாக வரும். காகிதம் அதைக் குடித்துச் சமாளிக்கும், கூழாங்கல் குடிக்காது.

அடுத்து ரேகையின் இருபுறமும் மரங்கள். இங்கே மூன்றே நிறம்: இருண்ட பச்சை, நடுப்பச்சை, வெளிச்சப் பச்சை. சிதைந்த பிரஷை நிமிர்த்திப் பிடித்து, இருண்ட பச்சையைக் கொத்துக் கொத்தாக ஒற்றினேன். இடையிடையே கல் தெரியும்படி ஓட்டை விட்டேன். மரக்கூட்டத்தில் அந்த ஓட்டைகள்தான் ஆழம் காட்டும். காய்ந்தபின் நடுப்பச்சை, இருண்டதை முழுவதும் மூடாமல். கடைசியில் வெளிச்சப் பச்சை, ஒவ்வொரு கொத்தின் மேல் இடதுபுறத்தில் மட்டும். ஏன் இடது? அந்தக் கல்லில் இடப்பக்கம் இயல்பாகவே கொஞ்சம் வெளிறியிருந்தது, அதனால் சூரியன் அங்கே இருப்பதாக முடிவு செய்துகொண்டேன். ஒரு முறை முடிவு செய்தபின் படம் முழுக்க அதே பக்கம்தான். பாதி மரத்துக்கு இடது, மீதி மரத்துக்கு வலது என்று வெளிச்சம் விழுந்தால் ஏதோ சரியில்லை என்று எல்லோருக்கும் தெரியும், என்ன என்றுதான் தெரியாது.

மஞ்சளைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. பளிச்சென்ற மஞ்சள் பெரும்பாலும் ஊடுருவித் தெரியும் வண்ணம். கருங்கல்லில் நேரே வைத்தால் அழுக்குப் பச்சை மாதிரிதான் தெரியும். அந்த இடத்தில் முதலில் வெள்ளைப் பொட்டு வைத்துக் காயவிட்டு, மேலே மஞ்சள் வையுங்கள்.

பாறைகளை நான் வரையவே இல்லை, கல்தான் பாறை. கல்லில் இருந்த சின்னச் சின்ன வெடிப்புகளின் கீழ் விளிம்பில் நீலமும் அம்பரும் கலந்த கருமையை லைனரால் ஓடவிட்டு, மேல் விளிம்பில் இங்கொன்றும் அங்கொன்றுமாக வெளிறிய கோடு இழுத்தேன். ஏழெட்டுக் கோட்டில் தட்டைக் கல் அடுக்கடுக்கான பாறை முகமாக எழுந்து நின்றது. இந்த வேலையில் எனக்கு இன்றும் சலிக்காத இடம் இது.

அப்புறம் அருவி. ரேகையைத் தொடாமல் விட்டேன். பாறையில் மோதிப் பிரியும் இடத்திலும் கீழே விழும் இடத்திலும் மட்டும், ஈரமே இல்லாத பிரஷில் துளி வெள்ளையைத் தொட்டு, துணியில் துடைத்துவிட்டு, மேலிருந்து கீழாக உரசினேன். கீழே தேங்கும் தண்ணீருக்குக் கோடுகள் படுக்கைவாக்கில்தான் போக வேண்டும். மரத்தின் பிரதிபலிப்பு மட்டும் நேரே கீழே இறங்கும்; இருண்ட மரத்தின் நிழலுரு தண்ணீரில் மரத்தை விட ஒரு படி வெளிறியிருக்கும். சாரலுக்குப் பல்துலக்கும் பிரஷில் நீர்த்த வெள்ளையைத் தொட்டு விரலால் நெருடிவிட்டேன். அதற்கு முன் மீதிக் கல்லைக் காகிதத்தால் மறைத்துக்கொள்ளுங்கள். நான் ஒரு தடவை மறைக்காமல் செய்து காட்டில் பனி பெய்யவைத்தேன்.

கடைசியாக முன்புறத்துப் பெரணியும் புல்லும். லைனரை மை போல ஓடும் வண்ணத்தில் தோய்த்து, வேர்ப்பக்கம் அழுத்தித் தொடங்கி, நுனிக்குப் போகப் போக அழுத்தத்தைக் குறைத்துக் கையை எடுத்துவிட வேண்டும். மெதுவாக வரைந்தால் கோடு நடுங்கும். வேறு ஒரு கல்லில் இருபது முப்பது இழுத்துப் பார்த்துவிட்டு வாருங்கள்.

எல்லாம் முடிந்ததும் கை துறுதுறுக்கும். ஒரு மான் போடலாமா, ஒரு குடிசை, ஒரு வானவில்? நான் எள்ளளவில் இரண்டு வெள்ளைப் பறவை வைத்தேன், பாறை முகத்துக்கு முன்னால். அதற்குக் காரணம் உண்டு. அளவு காட்ட ஒன்றும் இல்லாவிட்டால் அந்த அருவி முழங்கால் உயரமா, முப்பது ஆள் உயரமா என்று கண்ணுக்குத் தெரியாது. எள்ளளவு பறவை வந்ததும் அருவி சட்டென்று உயர்ந்துவிட்டது. மூன்றாவது பறவை போட்டிருந்தால் அது பறவைப் படம் ஆகியிருக்கும்.

தவறு நடந்தால்

வண்ணம் ஈரமாக இருக்கும்போதே ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். காய்ந்துவிட்டால் சுரண்டுவதை விட, கல்லின் நிறத்தையே கலந்து மேலே பூசி மறைப்பது நல்லது. கல்லின் நிறம் ஒரே நிறம் கிடையாது. சாம்பலில் பழுப்பு, நீலம், வெள்ளைப் புள்ளி எல்லாம் இருக்கும். ஸ்பாஞ்சால் இரண்டு மூன்று நிறம் மாற்றி ஒற்றினால் இடம் தெரியாது.

முன்பு சொன்ன குவார்ட்சு கல் கதை இது. பால் வெள்ளையில் கண்ணாடி போன்ற கல். ஆசைப்பட்டு, அவசரமாகக் கழுவி, மீடியமும் பூசாமல் ஒரு ஏரிக் காட்சி வரைந்தேன். ஒரு மாதம் நன்றாகத்தான் இருந்தது. ஒரு நாள் விளிம்பில் நகம் பட்டது. பாம்பு சட்டை உரிப்பது போல ஏரி முழுசாகக் கையோடு வந்துவிட்டது. அந்த மாதிரிக் கல்லை வரையும் இடத்தில் மட்டும் ஈரம் வைத்து நைசான உப்புத்தாளால் தேய்த்து, பளபளப்பை மங்கவைத்து, மீடியம் பூசிய பிறகே தொட வேண்டும். குளிரான இடத்தில் இருப்பவர்கள் இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: சுமார் 10 டிகிரி செல்சியசுக்குக் கீழே அக்ரிலிக் படலம் சரியாகக் கூடாது. பனிக்காலக் காலையில் வெளியில் கிடந்த சில்லிட்ட கல்லை நேராக எடுத்து வரையாமல், வீட்டுக்குள் வைத்துக் குளிர் விட்டபின் ஆரம்பியுங்கள்.

வார்னிஷ்

தொட்டுப் பார்த்தால் அரை மணி நேரத்தில் காய்ந்த மாதிரிதான் இருக்கும். உள்ளே காய இன்னும் நாளாகும். இரண்டு மூன்று நாளாவது பொறுங்கள்.

பிரஷால் பூசும் வார்னிஷோ ஸ்பிரேயோ, இரண்டு மூன்று மெல்லிய பூச்சாகப் போட வேண்டும். ஒரே தடவையில் கெட்டியாகப் பூசினால் வழிந்து அடியில் திரளும்; மேட் வார்னிஷ் என்றால் வெள்ளையாகப் பூத்துப் போகும். ஸ்பிரேயை வெளியில், காற்றோட்டமான இடத்தில், கல்லிலிருந்து 25, 30 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து அடியுங்கள். மழை நாளில் வேண்டாம், காற்றில் ஈரம் அதிகமாக இருந்தால் படலம் பால் போல வெளுக்கும். அக்ரிலிக் பேனாவால் ஏதாவது வரைந்திருந்தால் முதல் பூச்சு கட்டாயம் ஸ்பிரேதான். ஒரு கல்லில் நாரைக் கூட்டத்தைப் பேனாவில் நுணுக்கி நுணுக்கி வரைந்துவிட்டு பிரஷால் வார்னிஷ் பூசினேன். ஒரே இழுப்பில் நாரையெல்லாம் மேகமாகிவிட்டது.

பளபளப்பா மேட்டா என்பது உங்கள் விருப்பம். ஈரம் காட்ட வேண்டிய ஓடைக் காட்சிக்குக் கூட நான் மேட்தான் பூசுவேன். தண்ணீர் இருக்கும் இடத்தில் மட்டும் கடைசியில் பளபளப்பு வார்னிஷை நுனிப் பிரஷால் தொட்டு வைப்பேன். கல்லைத் திருப்பும்போது தண்ணீர் மட்டும் மினுங்கும்.

முடித்த கல்லை மீன் தொட்டியிலோ ஓடையிலோ போட வேண்டாம், பூசியிருப்பது பிளாஸ்டிக். வெளியில் வைப்பதானால் நேர் வெயில் படாத இடம் பார்த்து வையுங்கள். பளீரென்று கண்ணைப் பறிக்கும் ஃபுளோரசன்ட் நிறங்கள் சீக்கிரம் வெளுத்துவிடும், காவி வகைகள் தாக்குப்பிடிக்கும். அடியில் ஃபெல்ட் துணி இரண்டு மூன்று பொட்டு ஒட்டினால் மேசை கீறாது. ஒட்டுவதற்கு முன் கல் கிடைத்த இடம், வரைந்த தேதி, எது மேல்பக்கம் என்று ஒரு அம்புக்குறி, இவற்றை அடியில் எழுதி அதன்மேலும் வார்னிஷ் தொட்டுவிடுங்கள். அம்புக்குறியைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். என் அருவிக் கல்லை ஒருவர் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு மறுபக்கமாகத் திருப்பி வைத்தார், தண்ணீர் பாறையிலிருந்து வானத்துக்கு ஏறிக்கொண்டிருந்தது.